மேடைக்குக் கீழே ஆறு கதவுகள்

ஆறு கதவுதான், என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூமிநாதன் சமையல் மேடைக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தபோது மணி ஆறே கால். எட்டு மணிக்கு மங்கை கூப்பிடுவாள். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு என்றால் நியூஜெர்சியில் சனிக்கிழமை ராத்திரி பத்தரை. ஆறு மாசமாக வாரா வாரம் அதுதான் நேரம். இன்றைக்குக் கூப்பிடும்போது ஒரு விஷயம் முடிவாகிவிடும். பதினெட்டாம் தேதி டிக்கெட்டில் அவள் வருகிறாளா, இல்லை இன்னும் ஆறு மாசம் மகள் வீட்டிலேயே இருக்கப் போகிறாளா. முறைப்படி பார்த்தால் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் பிள்ளை பிறந்தால் முதல் ஆறு மாசம் பெண்ணைப் பெற்றவள், அடுத்த ஆறு மாசம் மாப்பிள்ளையைப் பெற்றவள். இது இப்போது எழுதாத சட்டம், விளாங்குடியில் இந்த ஒரு தெருவிலேயே மூன்று வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் சேலத்துச் சம்பந்தியம்மா போன மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பாவம், அந்தம்மா மேல் கோபப்பட முடியுமா. பூமிநாதனுக்குக் கோபம் வந்தது. ஈரத்தரையில் பார்த்துக் கால் வைக்கக் கூடாதா என்று ஒரு பகல் முழுக்க மனசுக்குள் அந்தம்மாவைத் திட்டித் தீர்த்தார், சாயங்காலம் போன் போட்டு, உடம்பைப் பாத்துக்கங்கம்மா, மத்ததெல்லாம் ஆண்டவன் பாத்துக்குவான் என்றார். வாய் எப்போதும் இப்படித்தான், மனசு ஒன்று சொல்ல அது ஒன்று சொல்லும்.

திருப்புளியை எடுத்தார். கதவைத் திறந்தால் உள்பக்கம் மேலே ஒரு ஹிஞ்சு, கீழே ஒரு ஹிஞ்சு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்க்ரூ. முன்னால் இருப்பதைத் திருகினால் கதவு இடம் வலமாக நகரும், பின்னால் இருப்பதைத் திருகினால் உள்ளே வெளியே போகும். போன் வீடியோவில் ஒரு தம்பி செய்து காட்டியதை நேற்று நாலு தடவை பார்த்திருந்தார், அந்தத் தம்பிக்கு அது கால் நிமிஷ வேலை. இவர் முதல் கதவின் மேல் ஹிஞ்சைக் கால் திருகு திருகியதும் கீழ்முனை போய்ப் பக்கத்துக் கதவில் இடித்துக்கொண்டது. சரி, கீழே தளர்த்து. கீழே தளர்த்தினால் மேலே இளிக்கிறது. நாலு வருஷமாக இந்தக் கதவுகள் இப்படித்தான் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, நடுவில் மேலே ஒரு விரலும் கீழே ஒன்றுமில்லாமலும் சந்து விட்டு நிற்கின்றன. நாலு வருஷமும் மங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏங்க, இதை யாரையாச்சும் கூப்பிட்டு நேராக்குங்க, வர்றவுக போறவுக எல்லாம் பாக்குறாக. பாத்துக்கலாம் என்பார் இவர். பாத்துக்கலாம், உன் இஷ்டம். இந்த இரண்டு சொல்லை வைத்தே முப்பத்திமூன்று வருஷம் குடித்தனம் நடத்திய மகானுபாவன். இப்போது மட்டும் என்ன ஞானோதயம் என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன ஒரு வார்த்தை. இங்க கிச்சன்ல கதவெல்லாம் லேசாத் தள்ளினாப் போதுங்க, மிச்சத்தை அதுவாப் பாத்து மூடிக்குது, சத்தமே இல்ல. சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவரை விடவில்லை. அதுவாப் பாத்து மூடிக்குதாமே. ஒரு கதவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆம்பளை இந்த மதுரைச் சீமையில் வேறு எவனாவது இருப்பானா தெரியாது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சோற்றைப் போட்டுக்கொண்டு இந்தக் கதவுகளையே முறைத்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமை எதிர்வீட்டு மேஸ்திரியிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கிவிட்டார்.

ரசமட்டத்தைக் கதவின் தலையில் வைத்தார். கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுக்கோட்டுக்கு வராமல் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. மகள் அபிராமி கல்யாணத்துக்கு முன்னால் அவசர அவசரமாகப் போட்ட வேலை இது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது மேடைக்குக் கீழே திரை தொங்கினால் நன்றாக இருக்காது என்று மங்கைதான் சொன்னாள். தவமணி என்று ஒரு ஆசாரி, கெட்டிக்காரன்தான், நாலு நாளில் பெட்டி, கதவு, மைக்கா எல்லாம் ஒட்டி நிறுத்திவிட்டான். கடைசி நாள் கதவைச் சாத்தினால் சாத்தவில்லை. ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன் சார் என்று போனவன் போனவன்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி தண்ணீர் குடிக்க உள்ளே வந்து கதவைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி உதட்டைச் சுழித்தாள், மங்கை அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்தக் கதவுக்கு முன்னாலேயே, முந்தானையை விரித்தாற்போல, நின்றுகொண்டே பரிமாறுகிற ஆள்களுக்கு ஏவல் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் வலிக்கலையா என்று கேட்டிருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டே அவளை அப்படிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, ஏதோ கேட்க நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது, கேட்கவில்லை. அப்புறம் கதவைச் சாத்த அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுண்டுவிரலால் கைப்பிடியை லேசாகத் தூக்கி, முட்டியால் ஒரு இடி. டொக். கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறபோது காதில் விழும். முதல் டொக் காபிக்குப் பால் பாத்திரம், இரண்டாவது டொக் இட்லிக் கொப்பரை, மூன்றாவது டொக் சத்தமாகக் கேட்டால் அவருக்குத் திட்டு வரப் போகிறது. அவள் போன பிறகு அவரும் அதே போல விரலால் தூக்கி முட்டியால் இடித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் வரவில்லை, முட்டிதான் வலித்தது. இப்போது நேராக்கிவிட்டால் அவள் வந்த பிறகும் அந்தச் சத்தம் வராதே என்று தோன்றியதும் திருப்புளி நின்றுவிட்டது. சே, என்ன யோசனை இது, அவள் வரட்டும் முதலில், வந்தால் சத்தத்துக்கா பஞ்சம்.

இரண்டாவது கதவைத் திறந்தார். உள்ளே டப்பாக்கள் அவள் வைத்துவிட்டுப் போன வரிசையிலேயே இருந்தன. போகிறதுக்கு முன்னால் பத்து நாள் மிளகாயும் மல்லியும் மொட்டை மாடியில் காயப்போட்டு, மில்லுக்குத் தூக்கிப்போய் அரைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டி எழுதினாள். சாம்பார்ப் பொடி, ரெண்டு கரண்டி போதும். ரசப் பொடி, கொதிக்க விடாதீங்க. ஆறு மாசத்துக்குக் காணும்ங்க என்றாள், எப்படி அளந்தாளோ, சாம்பார்ப் பொடி இப்போது டப்பாவின் அடியில் ஒரு சுண்டு அளவுக்குத்தான் கிடக்கிறது. ஆடி பிறந்ததிலிருந்து அவர் ரெண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கிவிட்டார். போன வாரம் ஒரு கரண்டி. சாம்பார் உப்புத் தண்ணீராக இருந்தது, குடித்துவிட்டு எழுந்தார். கடையில் பொடி கிடைக்காதா என்ன, தெருமுனையிலேயே நாலு கம்பெனிப் பொடி தொங்குகிறது. வாங்கினால் இது தீர்ந்துபோனதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பதினெட்டாம் தேதி வரைக்கும் அரைக் கரண்டியாகப் போட்டாவது இழுத்துவிட வேண்டும், அவள் வந்து டப்பாவைத் திறந்து, அட இன்னும் மிச்சம் வெச்சிருக்கீங்களே, ஒழுங்காச் சாப்பிடலையா என்று கேட்க வேண்டும். ஆமாம், சாப்பிடவில்லை என்று அப்போது சொல்லலாம். இல்லை, அப்போதும் சொல்ல மாட்டார். சாப்பிட்டேனே, உன் கணக்கு தப்பு என்றுதான் வாய் சொல்லும். பின்பக்க ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கினார், கதவு ஒரு நூல் உள்ளே போனது, முதல் கதவோடு ஒட்டி வந்தது. நல்லது. குமிழி மட்டும் இடதுபக்கமே நிற்கிறது. இந்தக் குமிழிக்கு என்ன வந்தது.

இரண்டு கதவுக்கு அரை மணி நேரம் போய்விட்டது. மூன்றாவது கதவின் கீழ் ஹிஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஸ்க்ரூவின் தலையே தெரியவில்லை. விரலால் துடைத்தார். நல்லெண்ணெய் வாடை. சோழவந்தானில் மாமனார் வீட்டுப் பின்கட்டில் இந்த வாடைதான் இருக்கும், பிள்ளை பெற்ற உடம்பு என்று மங்கைக்குத் தினமும் எண்ணெய் வைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அபிராமி பிறந்து அஞ்சு மாசம் ஆகியும் மங்கை வரவில்லை. வரமாட்டேன் என்று யார் சொன்னார்கள். பிரசவத்துக்குப் போன பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்து போய், பழம் பூ வைத்து அழைத்து வர வேண்டும், தானாக மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தால் கேவலம். அழைத்து வர அவருக்கு அப்பா அம்மா கிடையாது, அவரேதான் போக வேண்டும். விளாங்குடியிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு மணி நேரத்துப் பஸ். போனாரா. போகவில்லை. பிள்ளையும் தாயும் தேறட்டும், நாம் போய் நின்றால் நெருக்கின மாதிரி இருக்கும், அவளுக்கும் அம்மா வீட்டில் நாலு நாள் கூட இருக்க ஆசை இருக்காதா என்று நினைத்துக்கொண்டார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார், அதில் பொய் இல்லை. தினமும் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டு வெறும் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் விளக்கைப் போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பார், அதிலும் பொய் இல்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டார். நலம், நலமறிய அவா, உன் சௌகரியம் போல் வரவும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது பெருந்தன்மையாக எழுதியிருப்பதாகத்தான் பட்டது. அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மங்கை அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை என்று பல வருஷம் கழித்து மச்சினன் சொன்னான். கடைசியில் அவன்தான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான், பூவும் இல்லை பழமும் இல்லை. அவள் பிள்ளையோடு வாசலில் நின்றாள். வாங்க என்று மச்சினனைக் கூப்பிட்டார். அவளை வா என்று கூப்பிட்டாரா. சொந்த வீட்டுக்கு வருகிறவளை எவன் வா என்பான் என்று நினைத்திருப்பார். ஸ்க்ரூ திரும்ப மாட்டேன் என்றது, அழுத்தினார், திருப்புளி வழுக்கி உள்ளங்கையில் ஒரு கோடு போட்டது.

கையை உதறிவிட்டு எழுந்தவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று எழுந்தால் இப்போதெல்லாம் கண் இருட்டுகிறது. ஆனி மாசம் ஒரு காலையில் இதே இடத்தில் தலை சுற்றித் தரையில் சரிந்து உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் அரை மணி நேரம் அந்த மூடாத கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரைக் கூப்பிடுவது. பால் பாக்கெட் போடுகிறவர் வெளியிலேயே தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார், மறுநாள் இரண்டு பாக்கெட் தொங்கினால்தான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாரம் மங்கை கூப்பிட்டபோது, என்னங்க முகம் வாடியிருக்கு என்றாள். வெயிலு என்றார். அவளும் விட்டுவிட்டாள். முன்னே என்றால் விடமாட்டாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, மூன்று நாளைக்குச் சீரகத் தண்ணீரைக் கொடுத்தே கொன்றுவிடுவாள். இப்போது அவள் முகம்தான் நிறைந்து கிடக்கிறது. சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் பூட்ஸ், தள்ளுவண்டியில் பேத்தி, பின்னால் பூங்கா. ஒரு போட்டோவில் பல் தெரியச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் எடுத்த எந்தப் போட்டோவிலும் அவள் பல் தெரியாது, அவர் எல்லா ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டார். அங்கே அவளைக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா, இங்க வாயேன். அத்தை, கொஞ்சம் வாங்க. குழந்தை பேசத் தெரியாமலே கையை நீட்டுகிறது. அப்படி ஆறு மாசம் இருந்தவள் எதற்கு வருவாள், பேப்பரை விரித்து மூஞ்சியை மறைத்துக்கொள்கிற ஒரு மனுஷனுக்கு மூன்று வேளை வடித்துக் கொட்டவா. நீங்களும் வாங்கப்பா என்று அபி மாசி மாசமே கூப்பிட்டாள். நான் அங்க வந்து என்னம்மா பண்ணப் போறேன் என்றார். பயம். ஏரோப்ளேன் பயம், ஊர் பயம், மருமகன் வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்வது என்கிற பயம். அதைச் சொல்ல முடியாமல் வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் ஏறிடும் என்றார், கரையான் மேல் பழியைப் போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

மணி ஏழு. இன்னும் நாலு கதவு என்று மறுபடி ரசமட்டத்தை வைத்தார், குமிழி மறுபடி இடது பக்கம் ஓடியது. கதவையே குமிழிக்குத் தக்கபடி திருகித் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய்ப் பார்த்தால் கதவு மட்டும் தனியாக, முறைத்துக்கொண்டு நிற்கிறது, பெட்டி ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் தரையைப் பார்த்தார். அட, கிறுக்கா. வாட்டம். வீடு கட்டும்போது மங்கைதான் அடம்பிடித்தாள், தினமும் தண்ணி ஊத்திக் கழுவுற அடுப்படி, தண்ணி தேங்கக் கூடாது, சாக்கடைப் பக்கம் வாட்டம் விட்டுத்தான் தரை போடணும் என்று மேஸ்திரியின் பக்கத்திலேயே நின்று போடவைத்தாள். அந்தச் சாய்வான தரையில் ஆசாரி ஒரே உயரத்துக் கால் வைத்துப் பெட்டியை நிறுத்தியிருக்கிறான். பெட்டியே மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பெட்டியில் கதவை மட்டும் நட்டமாக நிறுத்தினால் எப்படிப் பொருந்தும். ரசமட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஒரு கதவை நேராக்கப் பக்கத்துக் கதவைத்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு வேலை கடகடவென்று ஓடியது, கண் பார்க்கக் கை திருகியது, மூன்றாவது, நாலாவது, அஞ்சாவது, சந்து மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே அளவாக வந்தது. கை ஓட ஓட மனசு ஒத்திகை பார்த்தது. அவள் கேட்பாள், என்னங்க பண்ணட்டும். வந்துரு என்று சொல்ல வேண்டும். மூன்றெழுத்தோ நாலெழுத்தோ, ஊமை கூடச் சைகையில் சொல்லிவிடுவான். வந்துரு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், வெறும் அடுப்படியில் அது யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. பாவம் அபி, வேலைக்குத் திரும்பணும், பிள்ளையை யாரிடம் விடுவாள், அவளைத் தவிக்க விட்டுட்டுக் கிழவனுக்குப் பொண்டாட்டி கேக்குதா என்று உள்ளே ஒருத்தன் கேட்டான். ஆமாம், கேட்கிறது. அறுபத்திரண்டு வயசில் கேட்கிறது. என்னடா செய்யச் சொல்கிறாய். ஆறாவது கதவை முடித்து, எல்லாக் கதவையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தபோது எட்டு ஆக ஏழு நிமிஷம் இருந்தது.

எட்டு மணி நாலு நிமிஷத்துக்கு அடித்தது. மங்கை தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், கை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சாப்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு."

அவர் போனைத் திருப்பி மேடைக்குக் கீழே காட்டினார்.

"என்னங்க அது, கதவு நேரா நிக்குது. யாரு வந்தா?"

"யாரும் வரல. நாந்தான்."

"நீங்களா," என்றாள். பின்னால் எங்கிருந்தோ அபிராமியின் குரல், அம்மா, சொல்லிட்டியா என்றது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"விசாவ இன்னும் ஆறு மாசத்துக்கு நீட்டச் சொல்லி வெள்ளிக்கிழமையே எழுதிப் போட்டாச்சு. டிக்கெட்டையும் தை மாசத்துக்கு அபி மாத்திட்டா. சம்பந்தியம்மாவுக்குக் கை சேர அம்புட்டு நாளாகும்கிறாக. இவளுக்கு லீவு முடியுது. பச்சைப்புள்ளைய எங்கங்க விடுறது."

வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டக் கேக்கலையே மங்கை."

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? முப்பத்திமூணு வருசமா அதைத்தானே கேக்குறேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். அலுத்துப்போன குரல். பழக்க தோஷத்தில் அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, உன் இஷ்டம். இனி வேறு எதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. எழுதிப் போட்டாயிற்று, மாற்றியாயிற்று, தைக்கு முன்னால் அவள் நினைத்தாலும் வர முடியாது. சொன்னால் அவள் மனசுதான் கெடும். சொல்லாமல் விடுவதுதான் பெருந்தன்மை. அன்றைக்கு அந்தக் கார்டில் எழுதியதும் இதே பெருந்தன்மைதான்.

"வந்துரு மங்கை," என்றார்.

"என்னங்க?"

"வந்துரு. நீ இல்லாம என்னால முடியல. இப்ப வர முடியாதுன்னு தெரியும். புள்ளைய விட்டுட்டு வரவும் வேண்டாம். இருந்தாலும் சொல்றேன். வந்துரு."

முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தட்டு நின்றதும் குழந்தை சிணுங்கியது. மங்கை அதைக் கவனிக்கவில்லை, திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அபி, இவளைப் பிடி," என்று குழந்தையைக் கைமாற்றிவிட்டுப் போனோடு எழுந்தாள். ஒரு சுவர் வந்தது, ஒரு விளக்கு வந்தது, படிக்கட்டின் கைப்பிடி வந்தது. ஏதோ ஒரு அறைக்குள் போய் நின்றாள். அங்கே வெளிச்சம் இல்லை, முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "அங்க சத்தத்துல சரியாக் காதுல விழல."

விழுந்தது என்று அவருக்குத் தெரியும். மறுபடி சொன்னார்.